எண்ணெய் என்று பெயர், ஆனால் எண்ணெய் இல்லை: ஹொஹோபா ஓர் எளிய அறிமுகம்

'எண்ணெய்' என்ற சொல்லைப் பிரித்தால் எள் + நெய். எள்ளை ஆட்டி எடுத்ததற்கு மட்டும் இருந்த பெயரைத் தேங்காய், கடலை, ஆமணக்கு என்று கண்டதற்கெல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் எள்ளில் வருவதைத் தனியாகச் சொல்ல 'நல்ல' என்று ஒரு அடைமொழி தேடவேண்டி வந்தது. மண்ணைத் தோண்டி எடுத்ததற்கு 'மண்ணெண்ணெய்' என்று வைத்தோம். வழுவழுப்பாக, ஊற்றினால் ஓடினால், நமக்கு அது எண்ணெய்.

அழகுசாதனக் கடைகளில் சின்னக் கண்ணாடிப் புட்டியில், சொட்டு விடும் மூடியோடு நிற்கும் 'ஜொஜோபா ஆயில்' இந்தப் பழக்கத்துக்குக் கடைசியாக மாட்டியது. முகத்துக்கு நல்லது, முடிக்கு நல்லது என்று பெட்டியில் இருக்கும். விலையைப் பார்த்தால் தேங்காய் எண்ணெய் எத்தனை லிட்டர் வாங்கலாம் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். இது எங்கிருந்து வந்தது, அப்படி என்ன செய்கிறது என்று கேட்டால், முதலில் அதன் பெயரில் இருக்கும் மூன்று தப்புகளைச் சொல்லவேண்டும். முதல் இரண்டும் வேடிக்கை. மூன்றாவது தெரிந்துவிட்டால் விளம்பரத்தில் எது மெய், எது கதை என்று நீங்களே பிரித்துவிடலாம்.

முதல் தப்பு உச்சரிப்பு. மெக்சிகோவின் வடமேற்கும் அமெரிக்காவின் தென்மேற்கும் சேரும் இடத்தில் இருப்பது சொனோரா பாலைவனம். அங்கே காலங்காலமாக வாழும் ஓ'ஓதம் பழங்குடியினர் இந்தச் செடிக்கு வைத்த பெயரை ஸ்பானியர்கள் தங்கள் எழுத்தில் எழுதினார்கள். ஸ்பானிய மொழியில் ஆங்கில 'ஜே' எழுத்தை 'ஹ' என்று படிக்கவேண்டும். ஆகவே அது ஹொஹோபா. கடையில் அப்படிக் கேட்டால் புரியாது, ஜொஜோபா என்றே கேளுங்கள்.

இரண்டாவது, தாவரவியல் பெயர். 'சிம்மான்ட்சியா சைனென்சிஸ்', அதாவது 'சீனத்துச் சிம்மான்ட்சியா'. சீனாவுக்கும் இதற்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. 1822-ல் ஜெர்மானியத் தாவரவியலர் யோஹான் லிங்க், உலர்த்தி அனுப்பப்பட்ட மாதிரி ஒன்றின் சீட்டில் கலிபோர்னியா என்பதைச் சுருக்கி எழுதியிருந்ததைச் சைனா என்று படித்துவிட்டார். தாவரவியலில் முதலில் வைத்த இனப்பெயருக்கே முன்னுரிமை. பின்னால் வந்தவர்கள் 'கலிபோர்னிகா' என்று திருத்திப் பார்த்தும் நிலைக்கவில்லை. இருநூறு ஆண்டாக அந்தச் செடி தப்பான முகவரியோடு நிற்கிறது.

பாலைவனத்துப் புதர்

ஆளுயரம், சில இடங்களில் அதற்கும் மேல் வளரும் புதர் இது. சாம்பல் பூத்த பச்சையில், தோல் மாதிரி தடித்த இலைகள். மற்றச் செடிகள் இலையைத் தட்டு மாதிரி வெயிலுக்கு விரிக்கும். இது கைகூப்பினாற்போல் இலைகளை நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். உச்சி வெயில் இலையின் விளிம்பில் மட்டும் பட்டுப் போய்விடும். கீழே வேர் ஆள் ஆழமும் தாண்டி ஈரத்தைத் தேடிப் போகும். நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

பனையைப் போல இதிலும் ஆண், பெண் தனித்தனி. காற்றுதான் மகரந்தம் கொண்டு சேர்க்கும். பெண் புதரில் காய்க்கும் காய் வெடித்தால் உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில், நிலக்கடலைப் பருப்பு அளவில் விதை. விதையின் எடையில் ஏறக்குறைய பாதி, நாம் எண்ணெய் என்று சொல்லும் அந்தச் சரக்கு.

விதையைச் சுட்டு, அரைத்து, வரும் விழுதைத் தோலிலும் முடியிலும் பூசுவது அந்தப் பகுதிப் பழங்குடியினரின் பழக்கம். தீப்புண்ணுக்கும் போட்டார்கள். வறுத்துப் பொடித்துக் காப்பி மாதிரி ஒரு பானமும் காய்ச்சியிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பாஹா கலிபோர்னியாவுக்குப் போன ஏசு சபைப் பாதிரியார்கள் இதைப் பார்த்து எழுதி வைத்தார்கள். நாற்பது டிகிரிக்கு மேல் கொளுத்தும் ஊரில் தோல் வெடிக்காமல் காப்பாற்றும் மருந்து வீட்டு வாசலிலேயே முளைத்து நின்றால் விடுவார்களா?

குஞ்சலமும் ஒற்றை நூலும்

இனி மூன்றாவது தப்பு. ஹொஹோபா வேதியியல் கணக்கில் எண்ணெயே இல்லை. அது மெழுகு. சாதாரண வெப்பத்தில் உருகிய நிலையிலேயே இருக்கும் திரவ மெழுகு.

என்ன வித்தியாசம்? சடைக் குஞ்சலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு முடிச்சு, அதிலிருந்து மூன்று குஞ்சங்கள் தொங்கும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றின் மூலக்கூறும் இந்த வடிவம்தான். மேலே கிளிசரால் என்ற முடிச்சு, கீழே மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். எந்தச் சங்கிலி எவ்வளவு நீளம், எத்தனை வளைவு என்பதில்தான் எண்ணெய்க்கு எண்ணெய் மாறுகிறது.

ஹொஹோபாவில் குஞ்சலம் கிடையாது. ஒரு நீண்ட கொழுப்பு அமில நூலையும் ஒரு நீண்ட ஆல்கஹால் நூலையும் முனையோடு முனை சேர்த்து முடிந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒற்றை நீள நூல். நாற்பது, நாற்பத்திரண்டு கார்பன் அணுக்கள் வரிசைகட்டி நிற்கும். இதற்கு மெழுகு எஸ்டர் என்று பெயர். ஹொஹோபாவில் ஏறக்குறைய 97 சதவீதம் இதுதான். தேன்மெழுகிலும் பெரும்பகுதி இதே வகைதான், ஆனால் அதன் நூல்கள் நேராக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இறுகிக் கட்டியாகிவிடும். ஹொஹோபாவின் நூலில் முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. வளைந்த குச்சிகளைக் கட்டாகக் கட்ட முடியாதே. அதனால் ஓடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நான் ஒரு ராத்திரி புட்டியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தேன். தேன் நிறத்தில் தெளிவாக இருந்த சரக்கு வெண்ணெய் மாதிரி இறுகி, சாய்த்தால் நகரவில்லை. உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரத்தில் முதலில் கண்ணாடிபோல் ஒரு கோடு விட்டது, பிறகு நடுவில் கட்டி மிதக்க ஆரம்பித்தது, காப்பி ஆறுவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் இது உறையும். மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைவது போலத்தான், இதற்கு ஊட்டிக் குளிர் வேண்டும், அவ்வளவே.

குஞ்சலமா, ஒற்றை நூலா என்ற இந்த ஒரே வித்தியாசத்திலிருந்து பல விஷயங்கள் கிளம்புகின்றன. முதலாவது, கெட்டுப்போகாத தன்மை. எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும். சங்கிலியில் அடுத்தடுத்து வளைவுகள் இருக்கிற இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் நுழைந்து உடைப்பதால் வரும் வாடை அது. ஹொஹோபாவில் ஒவ்வொரு பக்கமும் ஒரே வளைவு, அதுவும் தனியாக. ஆக்சிஜனுக்குப் பிடிமானம் குறைவு. அதோடு இயற்கையாகவே கொஞ்சம் வைட்டமின் ஈ-யும் இருக்கிறது. வெயில் படாமல் வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும்.

இன்னொன்று, சோப்பு. வீட்டில் சோப்பு காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தேங்காய் எண்ணெயில் காரத்தைச் சேர்த்தால் முடிச்சு அவிழ்ந்து மூன்று சங்கிலியும் சோப்பாகிவிடும். ஹொஹோபாவில் பாதி நூல் மட்டுமே சோப்பாகும், ஆல்கஹால் பாதி அப்படியே நிற்கும். அதனால்தான் சோப்பில் இதைக் கடைசியில் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள்.

திமிங்கிலத்துக்கு மாற்று

இந்த மெழுகு விஷயம் 1933-லேயே தெரிந்துவிட்டது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் கிரீன், ஃபோஸ்டர் என்ற இரு வேதியியலாளர்கள் ஹொஹோபா விதையை ஆராய்ந்து, இது எண்ணெய் இல்லை, திரவ மெழுகு, எண்ணெய்த் திமிங்கிலத்திடமிருந்து எடுக்கும் எண்ணெயை ஒத்தது என்று எழுதினார்கள். எண்ணெய்த் திமிங்கிலம் என்றால் எது என்று யோசிக்கவேண்டாம். அம்பர்கிரீஸ் கடத்தினார்கள், கைதானார்கள் என்று நம் ஊர்ச் செய்தித்தாளில் வருகிறதே, அந்த அம்பர்கிரீஸ் உருவாவது இந்தத் திமிங்கிலத்தின் குடலில்தான். அதன் பெரிய தலைக்குள் பீப்பாய் பீப்பாயாகத் திரவ மெழுகு இருக்கும். விளக்கெரிக்க, கடிகாரத்துக்கு விட, தோல் பதனிட, அழகுக் கிரீம் செய்ய, பிறகு மோட்டார் வண்டியின் கியர்பெட்டியில் ஊற்ற என்று இரண்டு நூற்றாண்டு அதைக் கொன்று குவித்தார்கள். சூட்டையும் அழுத்தத்தையும் அது தாங்கியது போல வேறு எதுவும் தாங்கவில்லை.

1970-ல் அமெரிக்கா எண்ணெய்த் திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டே அதன் எண்ணெயை இறக்குமதி செய்யத் தடை. தொழிற்சாலைகள் மாற்றுத் தேடி அலைந்தபோதுதான் நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஆய்வு பலர் நினைவுக்கு வந்தது. 1972-ல் அரிசோனாவின் சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களும் தென் கலிபோர்னியாவின் பழங்குடியினரும் காட்டுப் புதர்களிலிருந்து கையால் விதை பொறுக்கிக் கொடுத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் பல இடங்களில் திமிங்கில எண்ணெய்க்கு ஈடுகொடுத்தது.

அதன் பிறகு நம் ஊரில் ஈமு கோழி வந்தபோது நடந்ததை நினைவுபடுத்தும் ஒரு கூத்து அங்கேயும் நடந்தது. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் வரிச்சலுகைக்காகவும் பேராசைக்காகவும் பலர் பாலைவனத்தில் பணத்தைக் கொட்டி ஹொஹோபா நட்டார்கள். விதை போட்டு வளர்த்த செடியில் ஏறக்குறைய பாதி ஆண். ஆணா பெண்ணா என்பது பூக்கும்போதுதான் தெரியும், அதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். பூத்த நேரம் பனி விழுந்தால் அந்த வருஷ மகசூல் போச்சு. பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. நல்ல பெண் செடியிலிருந்து கிளை வெட்டி நட்டு வளர்க்கும் முறை பரவிய பிறகுதான் இந்தப் பயிர் கால் ஊன்றியது. இன்று இஸ்ரேல், அர்ஜென்டினா, பெரு, எகிப்து, ஆஸ்திரேலியா நாடுகளிலும் விளைகிறது. இந்தியாவில் ராஜஸ்தான் அரசு 1990-களில் இஸ்ரேல் தொழில்நுட்பத்தோடு சீகர் மாவட்டத்து ஃபதேபூரிலும் ஜெய்ப்பூர் அருகே டண்டிலும் பண்ணைகள் போட்டது.

கியர்பெட்டிக்காகத் தேடியெடுத்த சரக்குக்கு நல்ல விலை கொடுத்தது என்னவோ அழகுசாதனத் தொழில்தான். இயந்திர எண்ணெய்க்கு மலிவான மாற்றுகள் வந்துவிட்டன, முகத்தில் பூசுகிறவர்கள் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

தோலுக்கு என்ன செய்கிறது

நம் தோலே ஓர் எண்ணெயைச் சுரக்கிறது. மத்தியானத்தில் மூக்கை விரலால் தொட்டால் பிசுக்காக ஒட்டுமே, அதுதான். சீபம் என்பார்கள். அதில் கொழுப்புகள், ஸ்குவாலீன் இவற்றோடு ஏறக்குறைய கால்பங்கு மெழுகு எஸ்டர் இருக்கிறது. நாம் தேய்த்துக்கொள்ளும் வழக்கமான தாவர எண்ணெய்கள் எல்லாம் குஞ்சலக் கூட்டம். மெழுகு எஸ்டராலேயே ஆன, திரவமாக, வணிக அளவில் கிடைக்கும் தாவரச் சரக்கு ஹொஹோபா ஒன்றுதான். 'தோலின் இயற்கை எண்ணெயை ஒத்தது' என்று பெட்டியில் போடுவது இதை வைத்துத்தான். அந்தக் கால்பங்குக்கு அது மெய். முழுக்க ஒன்று என்பது மிகை.

பலன் என்னவென்றால், தடவியதும் மெல்லிய ஏடாகப் பரவி, தோலிலிருந்து ஈரம் ஆவியாகிப் போவதைக் குறைக்கும். சொரசொரப்பு அடங்கும். விளக்கெண்ணெய் மாதிரி பிசுபிசுக்காது, தேங்காய் எண்ணெய் மாதிரி முகத்தில் பளபளவென்று நிற்காது. துளையை அடைக்கும் குணம் குறைவு என்பதால் எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ள முகக்காரர்களும் பெரும்பாலும் பயமில்லாமல் போடலாம். தேங்காய் எண்ணெய் பட்டால் நெற்றியில் பொரிப்பொரியாக வருகிறவர்களுக்கு இது நல்ல மாற்று.

'இதைப் போட்டால், எண்ணெய் போதும் என்று தோல் நினைத்துக்கொண்டு சுரப்பதை நிறுத்திவிடும்' என்று ஒரு கதை உண்டு. சுரப்பியை ஆட்டுவிப்பது ஹார்மோன். வெளியே என்ன பூசியிருக்கிறீர்கள் என்று அது எட்டிப் பார்ப்பதில்லை.

எப்படிப் போடுவது? குளித்துத் துடைத்ததும் தோலில் லேசான ஈரம் இருக்கும்போது இரண்டு மூன்று சொட்டு உள்ளங்கையில் விட்டு, இரு கையாலும் பரப்பி, முகத்தில் ஒற்றவேண்டும். அவ்வளவு போதும். நான் முதல் தடவை தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கத்தில் கை நிறைய ஊற்றிக்கொண்டேன். தலையணை உறை இரண்டு துவைப்பு கேட்டது. கண்மையும் உதட்டுச் சாயமும் கலைக்க இது அருமை. பஞ்சில் ஒரு சொட்டு விட்டு மூடிய இமையில் கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீருக்கு அசையாத மையும் குழைந்து வந்துவிடும். வறண்ட உதடு, நகத்தைச் சுற்றி உரியும் தோல், சவரம் செய்தபின் எரியும் தாடை, இவற்றுக்கும் ஒரு சொட்டு.

முடியைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. முடியை வளர்க்கும் என்பதற்கு இதில் சரக்கு இல்லை. நுனி முடியில் ஒரு படலமாக நின்று சிக்கையும் பறப்பதையும் குறைக்கும். சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். முடியின் உள்ளே இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கும் வேலையைத் தேங்காய் எண்ணெய் இதைவிட நன்றாகச் செய்யும், விலையும் குறைவு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயும் சீயக்காயுமே சரி. ஒரு தலைமுழுக்குக்கு ஹொஹோபா ஊற்றினால் பர்சில் ஓட்டை விழும். என் கணக்கில் இது முகத்துக்கு மட்டும் வாங்கவேண்டிய பொருள். கை காலுக்குத் தேய்க்க நம் செக்கு எண்ணெய்களே தாராளம்.

வெயிலிலிருந்து காக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், சன்ஸ்கிரீன் தனியாகப் போடவேண்டும். முதல்முறை போடுமுன் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒருநாள் பாருங்கள், அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும். உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. மெழுகு என்பதால் நம் குடலால் அதைச் சரியாகச் செரிக்க முடியாது, போனது பெரும்பாலும் அப்படியே வெளியே வரும், வரும்போது சொல்லிக்கொண்டு வராது.

வாங்கும்போது இரண்டு வகை பார்ப்பீர்கள். வெறும் அழுத்தத்தில் பிழிந்தது பொன்மஞ்சளாக, மெல்லிய கொட்டை வாசனையோடு இருக்கும். சுத்திகரித்தது தண்ணீர் நிறத்தில், வாசனை இல்லாமல் இருக்கும். முகத்துக்கு எனக்கு முதல் வகை பிடிக்கும். சேர்மானப் பட்டியலில் 'சிம்மான்ட்சியா சைனென்சிஸ் சீட் ஆயில்' என்ற ஒன்று மட்டும் இருக்கவேண்டும். 'ஜொஜோபா கலந்த' ஷாம்புவிலும் கிரீமிலும் பட்டியலின் எந்த இடத்தில் அது இருக்கிறது என்று பாருங்கள். அளவு அதிகமானது முதலில் வரும். வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில் கடைசியில் இருந்தால், பெட்டியில் படம் போடுவதற்காகச் சேர்த்தது.

ஃபிரிட்ஜ் சோதனை பாதி உதவும். ராத்திரி முழுக்க வைத்தும் தண்ணீராகவே நின்றால் அதில் பாராஃபின் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இறுகினால் மட்டும் சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது, ஆலிவ் எண்ணெயும் குளிரில் கலங்கி இறுகும். மூக்கை நம்பலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருமுறை இணையத்தில் வாங்கிய புட்டி ஆறே மாதத்தில் சிக்கு வாடை அடித்தது. சுத்தமான ஹொஹோபா அவ்வளவு சீக்கிரம் அப்படி ஆகாது.

நல்ல புட்டி ஒன்றில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, மூடி உடைந்து தூசி விழுந்துவிட்டதால் முகத்துக்கு ஆகாது. திமிங்கில எண்ணெயைக் கடிகாரத்துக்கு விட்டார்கள் என்று படித்த தைரியத்தில், அம்மாவின் தையல் மெஷினில் நாலு இடத்தில் சொட்டு விட்டுக் காலால் மிதித்தேன். பல மாதமாகக் கிறீச்சிட்டது சத்தமில்லாமல் ஓடியது. "என்னடி எண்ணெய் அது, ஓரமா எடுத்து வை" என்றாள் அம்மா. விலையை நான் சொல்லவில்லை.